ஒரு வாளி தண்ணீரும் கொஞ்சம் கண்ணீரும்

அக்கா வீட்டுக்காரர் மொட்டைமாடித் தொட்டியைக் கழுவப் போனவர், ஈரப் படியில் வழுக்கி விழுந்து செத்துப்போனார். திருக்கோகர்ணத்தில் அந்த வீட்டில் அப்போது அக்கா மட்டும்தான் இருந்தாள். அவள்தான் தள்ளிவிட்டாள் என்று மாமாவின் தம்பி எழுதிக் கொடுக்க, அது கொலை வழக்காகிவிட்டது.

படியில் இருந்த ரத்தத்தை அக்கா கழுவி மறைத்தாள் என்பதுதான் அதில் பெரிய சாட்சியம். கழுவியது, சேதி கேட்டு ஓடிப்போன நான். மாமாவை ஆம்புலன்ஸில் ஏற்றியதும், உடல் வாசல் தாண்டினால் வீட்டைக் கழுவிவிடும் வழக்கப்படி ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினேன். உடல் போனது சுடுகாட்டுக்கு இல்லை, பிரேதப் பரிசோதனைக்கு என்பது இந்த மடச்சிக்கு உறைக்கவில்லை. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. எங்கள் அப்பா செத்தபோதும் அவள் அப்படித்தான் இருந்தாள்.

கோர்ட்டில் மாமாவின் தம்பி சாட்சி சொல்லும்போது உடைந்து அழுதார். வராந்தாவில் காத்திருந்த எனக்கே அது கேட்டது. டவாலி போட்ட சேவகர் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினார். "பாவம், ஆம்பளையே அழுவுறாரு" என்றார் பக்கத்தில் நின்றவர்.

பிறகு ஒருநாள் என் முறை வந்தது. கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாயாலேயே அக்கா ஜெயிலுக்குப் போய்விடுவாளோ என்று பயம்.

"நான்தாங்க கழுவினேன்" என்றேன். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அரசு வக்கீல் சிரித்தார். "அக்காவுக்கு வராத கண்ணீர் தங்கச்சிக்கு வருது. நீலிக்கண்ணீர்!"

அழாதவள் கல்நெஞ்சக்காரி, அழுதவள் நடிப்புக்காரி. நீலிக்கண்ணீர் என்ற சொல்லையே பெண்ணுக்கென்று அளவெடுத்துத் தைத்து வைத்திருக்கிறார்கள். ஆம்பளை அழுதால் மட்டும் அது வெறும் கண்ணீர்.

வரும் திங்கட்கிழமை தீர்ப்பு. எங்கள் வக்கீல் நல்ல மனுஷன்தான். நேற்று என்னைத் தனியே கூப்பிட்டு, "அன்னைக்கு அக்காவைக் கொஞ்சம் அழச் சொல்லுங்கம்மா. மூஞ்சியத்தான் பாப்பாங்க" என்றார்.

ஜாமீனில் இருக்கும் அக்காவிடம் டவுன் பஸ்ஸில் வரும்போது சொன்னேன். ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி வந்தாள். எங்கள் நிறுத்தம் நெருங்கியதும் எழுந்து நின்றாள்.

"எம்புட்டு அழுவணும்னு அவருகிட்டயே கேட்டுட்டு வாடி" என்றாள். "கூடிப்போச்சுன்னா நம்ப மாட்டாங்கல்ல?"