கூடத்து வழி

நான் பேச மாட்டேன் என்று தெரிந்துதான் என்னைப் பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்த்தார்கள்.

செஞ்சியில் கடைத்தெருவை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் சமுதாயக் கல்லூரி நடக்கிறது. தையல், கம்ப்யூட்டர் என்று பல படிப்புகள். அதில் புதிதாகப் பேச்சுப் பயிற்சியும் தொடங்கினார்கள். படித்திருக்க வேண்டும் என்பதில்லை, வயதும் கேட்பதில்லை. ஆனால் போதிய ஆள் சேராவிட்டால் வகுப்பையே எடுத்துவிடுவார்கள். ஜவுளிக்கடையிலும் ஆஸ்பத்திரி வரவேற்பிலும் வேலை கிடைக்கும் என்ற ஆசையில் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்திருந்தார்கள். ஓர் ஆள் குறைந்தது. பக்கத்து வீட்டுக்காரி என்னிடம் வந்தாள்.

"நீ சும்மா வந்து குந்திக்கினு இரு, அக்கா. வாயே தெறக்க வாணாம். பேரு இருந்தா போதும்."

"நான் அஞ்சாவதுதான்டி படிச்சிருக்கேன்."

"பி.ஏ. படிச்சவ மட்டும் ரெண்டு வாய் வச்சிக்கினா இருக்கா? வாக்கா."

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை. அந்தச் சொல்லை யாரிடமும் சொல்லிப் பழகியதில்லை. மறுநாள் அவள் பின்னாலேயே மாடிப்படி ஏறினேன்.

வாயே திறக்க வேண்டாம் என்று அவள் சொன்னது முதல் வகுப்பிலேயே பொய்யாகிவிட்டது. மேடம் திண்டிவனம் பக்கத்திலிருந்து வருகிற சின்ன வயசுப் பெண். நாற்காலிகளை எதிரெதிராகப் போடச் சொல்லி, ஒருவர் முழங்கால் இன்னொருவர் முழங்காலில் இடிக்கிற மாதிரி உட்கார வைத்தார். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து, இன்று காலையில் என்ன சமைத்தேன் என்று சொல்ல வேண்டும். நான் பக்கத்து வீட்டுக்காரியின் தோட்டைப் பார்த்துக்கொண்டு, "கேவுரு கூழு," என்றேன். அதற்கு மேல் தோட்டுக் கல்லை எண்ணிக்கொண்டிருந்தேன். கதவு எனக்குப் பின்னால் இருந்தது. ஆனால் அதற்கு எல்லோரையும் தாண்டித்தான் போக வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன். வாராவாரம் அப்படித்தான் உட்கார்ந்தேன். அமாவாசை அன்று மட்டும் தப்பித்தேன். மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ்ஸையெல்லாம் அடைத்துக்கொள்வதால் மேடத்தால் வர முடியாது.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். முன்பக்கம் கூடம். அது என் மூத்தாருடையது. மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். பின்பக்கம் ஓர் அறையும் சமையல் இடமும் என்னுடையவை. என் வீட்டுக்காரர் தவறிப்போய்ப் பல வருஷம் ஆகிறது. பக்கவாட்டில் ஒரு சந்து உண்டு. ஒருவர் மட்டும் நடக்கலாம், குடம் இடுப்பில் இருந்தால் உடம்பைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு அதுதான் வாசல். மூத்தார் உட்கார்ந்திருக்கிற கூடத்தைத் தம்பி பெண்டாட்டி குறுக்கே கடக்கக் கூடாது, அவர் முகத்தைப் பார்த்துப் பேசவும் கூடாது. இது எங்கள் பக்கத்து வழக்கம். இப்போதைய பிள்ளைகள் பார்ப்பதில்லை, எனக்குக் காலில் ஊறிப்போய்விட்டது.

அவருக்கும் எனக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவள் என் ஓரகத்தி, அவருடைய மனைவி. அவளும் போய்விட்ட பிறகு எங்களுக்குள் ஆள் இல்லை. சாப்பாட்டுத் தட்டைக் கூடத்துப் படியில் வைத்து, கரண்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். உப்பு அதிகமென்றால் அவர் தோளில் கிடக்கிற துண்டிடம் சொல்வார். மாத்திரை தீர்ந்துவிட்டால் நான் சுவரிடம் சொல்வேன். எப்படியோ காலம் ஓடியது.

ஒருநாள் சந்தில் மணல் கொட்டினார்கள். அவலூர்பேட்டையிலிருந்து ஒருவர் வந்து, சந்தையும் கூடத்தின் ஓரத்தையும் சேர்த்து ஒரு கடை கேட்டாராம். அமாவாசைக்கு அமாவாசை ஊரே எங்கள் தெருவை ஒட்டிய பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறதே, ஜூஸ் கடை நன்றாகப் போகும் என்று. சந்தின் பின்முனையில் சுவர், முன்முனையில் ஷட்டர். அது முடிந்தால் வெளியே போக எனக்குக் கூடம் ஒன்றுதான். அவரோ காலையில் குளித்து விபூதி வைத்துக்கொண்டு கூடத்துச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாரானால் இருட்டுகிற வரை எழுந்திருக்க மாட்டார்.

அடுப்படியில் நின்றுகொண்டு மணலைப் பார்த்துச் சொன்னேன். "சந்தை அடைச்சிட்டா மனுஷங்க எப்டிப் போறது வர்றது?"

கூடத்தில் அவர் துண்டிடம் பதில் சொன்னார். "இன்னாத்துக்குச் சந்து? கூடம் இல்லியா, இம்மாம் பெருசா?"

சென்னையில் இருக்கிற என் மகனுக்கு போன் போட்டேன். அவனுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய் நாளாகிறது. "நான் வாயத் தெறந்தா சண்டதான்மா வரும். நீயே சொல்லேன். அதான் கிளாசுக்குப் போறியே," என்றான். சிரித்தான் வேறு.

அந்த வாரம் பார்த்து மேடம், வீட்டில் யாரிடமாவது சொல்ல முடியாமல் இருக்கிற ஒன்றைச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றார். "முதல்ல அவங்களைக் கூப்பிடுங்க. கூப்பிட்டாத்தான் திரும்புவாங்க. கண்ணைப் பார்க்க முடியலைன்னா ரெண்டு புருவத்துக்கு நடுவுல பாருங்க. அப்புறம் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க."

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டேன். "மூத்தார இன்னான்னுடி கூப்புடுறது?"

அவள் நடுரோட்டில் நின்றுவிட்டாள். "அய்ய, நான் எங்க மூத்தார இன்னி வரைக்கும் கூப்ட்டதே இல்லக்கா. இன்னான்னு கூப்புடுவாங்க? மாமான்னா?"

"மாமாவா?"

"எனக்கு இன்னா தெரியும்? மேடத்தக் கேளு."

மேடத்திடம் இதையெல்லாம் கேட்க முடியுமா? மாமா, மாமா என்று பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிப் பார்த்தேன். வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் இருந்தது.

கொத்தனார் பின்முனையில் கல் அடுக்க ஆரம்பித்துவிட்டார். மூத்தார் சந்தில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்முனையில் ஷட்டர் வரப்போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல் முழங்கால் உயரம் வந்திருந்தது. இன்றைக்கு விட்டால் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து கல்வரிசைக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவருடைய முதுகுதான் தெரிந்தது. கூப்பிட்டால்தான் திரும்புவார். வாயைத் திறந்தேன்.

"ஏங்க," என்றேன்.

அந்த வீட்டில் நான் அப்படிக் கூப்பிட்டது என் வீட்டுக்காரரை மட்டும்தான். வாய்க்குப் பழகிய ஒரே கூப்பாடு அது. மாமா என்பது எங்கே போனதோ, அது முந்திக்கொண்டு வந்துவிட்டது. கொத்தனாரின் கரண்டி கல்லின் மேலேயே நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கிற சத்தமும் நின்றது. மூத்தார் திரும்பினார். புருவத்துக்கு நடுவில் விபூதி வியர்வையில் கரைந்திருந்தது. அதை மட்டும் பார்த்தேன். சொல்ல வந்த ஒரே ஒரு விஷயம் எனக்கு மறந்தே போனது.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே முன்பக்கமாகப் போய்விட்டார். கொத்தனார் என்னைப் பார்த்தார், பிறகு அவர் போன திசையைப் பார்த்தார். நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த கல்லை எடுத்து வைத்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சுவர் ஏறுகிற சத்தம் மட்டும் சாயங்காலம் வரை கேட்டது.

அதற்கப்புறம் நான் வெளியே போகவில்லை. போகச் சந்தும் இல்லை, முகமும் இல்லை. தட்டைப் படியில் வைப்பேன், கரண்டியால் தட்டக்கூடக் கூச்சமாக இருந்தது. பாலும் காய்கறியும் பக்கத்து வீட்டுக்காரி வாங்கி வந்தாள். அவளுக்குக் கூடத்தைக் கடக்கத் தடை கிடையாது. என் அறையில் ஒரு ஜன்னல்தான். அது சந்தின் பின்முனையைப் பார்த்தது. இப்போது அதற்கு வெளியே பூசாத சுவர். வெயில் ஏறினால் செஞ்சி மலைப்பாறைச் சூட்டோடு அறையும் கொதிக்கும், காற்று வர வழியில்லை. படுத்தபடி அந்த ஒரு சொல்லையே நினைத்துக்கொண்டிருப்பேன். நினைக்க நினைக்க உடம்பு கூசும்.

பயிற்சியின் கடைசி நாளன்று பக்கத்து வீட்டுக்காரி புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

"கெளம்பு. எல்லாரும் ஆளுக்கு ரெண்டு வார்த்த பேசணுமாம்."

"நான் பேசின லட்சணம்தான் தெருவுக்கே தெரியுமே."

"ஆமா, தெரியும். ஏங்க, ஏங்கன்னு கடைக்காரன் வரைக்கும் சொல்லிச் சிரிச்சாச்சி. சிரிச்சி முடிச்சிட்டு அவவ சோத்தப் பாக்கப் போயிட்டா. நீதான் இன்னும் அதையே கட்டிக்கினு அழுவுற. ஒன் மூத்தாருக்கே மறந்து போயிருக்கும்."

"மறந்திருக்காது."

"அப்ப இரு. உள்ளயே இரு. ஜன்னலத் தெறந்து செவுத்தப் பாத்துக்கினே இரு."

கோபமாகச் சொல்லிவிட்டு அவள் கூடத்தைக் கடந்து தெருவுக்குப் போய்விட்டாள். நான் அந்தச் சுவரைப் பார்த்தேன். பிறகு முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு கூடத்துப் படி வரைக்கும் வந்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கூடத்தின் ஓரத்தைக் கடைக்குக் கொடுத்த பிறகு நாற்காலி வாசலுக்கு நேராக நகர்ந்திருந்தது. நீட்டிய கால்கள் நிலைப்படி வரை கிடந்தன. தாண்டிப் போக முடியாது, மூத்தாரின் காலைத் தாண்டுவது பெரிய பாவம். சுவரிடம் சொல்லலாம் என்று சுவரைத் தேடினேன். அந்தப் பக்கம் இப்போது கடையின் தகரத் தடுப்புதான் இருந்தது.

கூப்பிடவில்லை. எப்படியும் கூப்பிட எனக்கு ஒரு சொல் கிடைக்கப் போவதில்லை.

"காலக் கொஞ்சம் மடக்கிக்குங்க. நான் போவணும்."

பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது. அவர் என்னைப் பார்த்தார். துண்டைத் தேடவில்லை. கால்களை இழுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் கூடத்தைக் கடந்தேன். அது நாலு எட்டுகூட இருக்காது. ஆனால் தரை காலைப் பிடித்துக்கொள்வதுபோல் இருந்தது. நிலைப்படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"எங்க?"

என்னிடம் நேராக அவர் பேசிய முதல் வார்த்தை.

"கிளாசுக்கு."

"எப்ப வருவ?"

"சாயங்காலம்."

வகுப்பில் மேடம் என்னை முன்னால் கூப்பிட்டார். வீட்டில் சொல்ல முடியாததைச் சொன்னீர்களா என்று கேட்டார். "காலை மடக்கச் சொன்னேன்," என்றேன். மேடத்துக்கு அதில் என்ன இருக்கிறதென்று புரியவில்லை, இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் என்றார். எங்கள் தெருப் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள்.

வகுப்பு முடிந்து இப்போது பல மாதம் ஆகிறது. ஜூஸ் கடை நன்றாக ஓடுகிறது, மிக்ஸி சத்தம் என் அறை வரை வருகிறது. நான் கூடத்து வழியாகத்தான் போகிறேன், வருகிறேன். நான் படிக்கு வரும்போதே அவர் காலை மடக்கிக்கொள்கிறார். ஒவ்வொரு முறையும் கேட்கிறார், எங்க, எப்ப வருவ என்று. வயசான மனுஷர், தனியாக உட்கார்ந்திருப்பவர், அக்கறையாகத்தான் கேட்கிறார். ஆனால் சந்து இருந்த காலத்தில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. தோன்றினால் போவேன், திரும்பி வருவேன். இப்போது படியில் கால் வைக்கும் முன்பே பதிலைத் தயார் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நேற்று எனக்கு எங்கும் வேலை இல்லை. சும்மா வெளியே போக வேண்டும்போல் இருந்தது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "ரேஷன் கடைக்கு," என்றேன். பையை எடுத்துக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பஸ்கள் நிரம்புவதைப் பார்த்தேன். காலிப் பையோடு திரும்பி வந்தபோது, அவர் பையைப் பார்த்துவிட்டு, "சரக்கு வர்லியா?" என்றார்.

"வர்ல," என்றேன், புருவத்துக்கு நடுவில் பார்த்தபடி.