உரக்க வாசித்த கடிதம்

எங்கள் கரும்புத் தீவின் தெற்கே, சுயாக் பக்கம் சிறுதோட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து என்னை வாத்தியாராக வைத்தபோது எனக்கு இருபத்தாறு வயது. மூன்றாம் வகுப்போடு நின்றவன். போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், மோகாவில் கரும்பு வெட்டினேன். எங்கும் ஓராண்டு தங்கியதில்லை. இங்கே சாப்பாடு போட்டு, குவானோ உரம் வைத்திருந்த கொட்டகையைப் பள்ளிக்கூடமாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் பதினொரு பேர்.

முதல் நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இருந்த ஒரே பாடப்புத்தகமும் பாதி செல்லரித்தது. அதனால் இந்தியாவிலிருந்து வந்த பழைய கடிதங்களை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். மாமன் பெயரும் மாடு கன்று போட்ட சேதியும் அதில் இருந்ததால் பிள்ளைகள் முண்டியடித்து எழுத்துக் கூட்டினார்கள். வண்டிக்காரர் மகள் பாக்கியம் மட்டும் முணுமுணுப்பாள்.

"பாக்கியம் வாசிச்சா எலிகூடப் பக்கத்துல வந்துதான் கேக்கணும்" என்று பையன்கள் சிரிப்பார்கள்.

"நிக்காம வாசி, சத்தமா வாசி" என்று தினமும் அவளைப் பழக்கினேன். ஆறு மாதத்தில் அவள் குரல் கரும்புக்காடு வரை கேட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கடிதத்தோடு அவளைத் தேடி வந்தார்கள்.

ஒருநாள் அவள் தாய் அஞ்சலை புதுக் கடிதத்தோடு கொட்டகைக்கு வந்தார். "ஊர்லேருந்து தம்பி போட்டிருக்கு, வாத்தியாரே. நீங்க வேணாம், எம்பொண்ணு வாசிக்கட்டும்."

எனக்கும் பெருமை. கடிதத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

பாக்கியம் நலம் விசாரித்ததை வாசித்தாள், மழை பெய்ததை வாசித்தாள். அதே குரலில், "நம் அண்ணன் மாசி மாதம் காலமானார்" என்று வாசித்தாள். நிறுத்தவில்லை. நிற்கக் கூடாது என்று பழக்கியவன் நான். 'இப்படிக்கு' வரை முடித்துவிட்டுத்தான் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

அஞ்சலை அவள் வாயைக் கையால் பொத்தினார். "உன் வாயால இதைக் கேக்கவாடி படிக்க அனுப்புனேன்?"

மறுநாளிலிருந்து பாக்கியம் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பயமா இருக்கு வாத்தியாரே. அடுத்த வரியில யாரு செத்திருப்பாங்கன்னு தெரியல."

அஞ்சலையும் கெஞ்சினார். "ஏதோ துக்கத்துல சொல்லிட்டேம்மா. போடி, கண்ணு." அவள் அடுத்த புல்கட்டை அவிழ்த்தாள்.

சில மாதம் கழித்து அடுத்த கடிதம் வந்ததும் அஞ்சலை என்னை வீட்டுக்கு அழைத்தார். இம்முறை முதலில் நான் மனதுக்குள் படித்தேன். அவர் தம்பிக்கு ஆண் குழந்தை. பாக்கியத்திடம் நீட்டினேன். "நல்ல சேதிதாம்மா. நீயே வாசி." கையைப் பாவாடையில் துடைத்து வாங்கினாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். "நீங்களே வாசிங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அதன்பின் எந்த ஊரில் சொல்லிக்கொடுத்தாலும், உரக்க வாசிக்கும் முன் பிள்ளைகளைக் கடைசி வரை கண்ணால் படிக்க விட்டேன். பிடிக்காத இடத்தில் நிறுத்தலாம், மூடி வைக்கலாம் என்றும் சொல்லிவிடுவேன். வாத்தியார் வேலைக்கு வருகிறவர்கள் இதை முதல் நாளே சொல்லுங்கள். பாக்கியத்துக்கு நான் சொல்லவில்லை.