மங்கை மேடம் நம்பாத ஆமா

அலர்மேல்மங்கை என்ற முழுப்பெயரை எங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் மங்கை மேடம். மைசூரில் படிப்பை முடித்து, 1991இல் அல்சூர் பக்கத்திலிருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கச் சேர்ந்தார். அதே அறையில், தடுப்புக்கு அந்தப் பக்கம் காது பரிசோதிக்கிறவன் நான். வருஷக்கணக்காக அவரோடு ஒரே மின்விசிறியைப் பங்கு போட்டவன் என்பதால், அவரைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

அவரிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் குழந்தைகள். கம்ப்யூட்டர் வேலைக்கு ஊர் விட்டு வந்த பெற்றோர், பையனை நாற்காலியில் உட்காரவைத்த உடனே, “எப்ப மேடம் பேசுவான்?” என்பார்கள். “நீங்க கொஞ்சம் பேசாம இருந்தா பேசுவான்” என்பார். முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பையனோடு தரையில் உட்கார்ந்து, அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வருகிறவரை சோப்புக் குமிழி ஊதிக்கொண்டிருப்பதும் அவர்தான்.

அவருக்கு ஒரு பொல்லாத பழக்கம் இருந்தது. யார் ‘ஆமா’ சொன்னாலும் நம்பமாட்டார். கேள்வியைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை கேட்பார். “டீ நல்லா இருக்கா?” “ஆமா.” “நல்லா இல்லையா?” உயிரை வாங்குவார். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களோடு பழகியதில் வந்த பழக்கம் அது. சிலருக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சும். எதைக் கேட்டாலும் அதுதான் வாயில் வரும்.

ஜோகுபாளையம் சுந்தரமூர்த்திக்கு மிஞ்சிய சொல் ‘ஆமா’.

1998இல் நடந்தது. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அது தேறுவதற்குள் சர்க்கரை வியாதியால் வலது பாதம் கறுத்து அழுக ஆரம்பித்தது. காலை எடுத்தால் பிழைப்பார், விட்டால் விஷம் ஏறிப் போய்விடுவார் என்று சர்ஜன் பத்ரிநாத் சொல்லிவிட்டார். மகன் பாலகுமார் எடுங்கள் என்றான். மகள் வனஜா கூடவே கூடாது என்றாள். மனைவி போன பிறகு அந்த மனிதருக்கு நடைதான் துணை. அல்சூர் ஏரியைச் சுற்றாமல் ஒரு நாள் விடிந்ததில்லை.

“அப்பாவையே கேட்டேன் சார். எடுத்துடலாமாப்பான்னேன். ஆமான்னார்” என்றான் பாலகுமார்.

“பொய்! நானும் கேட்டேன். எடுக்க வேணாம் இல்லப்பான்னேன். ஆமான்னு என் கையப் புடிச்சுக்கினார்” என்றாள் வனஜா.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

பத்ரிநாத் மங்கை மேடத்தைக் கூப்பிட்டார். “அவருக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியணும் மேடம். நாளைக்குக் காலைக்கு மேல தாங்காது.” மேடம் என்னையும் இழுத்துக்கொண்டு வார்டுக்குப் போனார். முதலில் காதைப் பார்த்தேன். நன்றாகக் கேட்டது.

“உங்க பேர் சுந்தரமூர்த்தியா?” “ஆமா.” “உங்க பேர் பழனிச்சாமியா?” “ஆமா.” வனஜாவின் முகம் செத்துப்போயிற்று.

அடுத்து மேடம், அவர் முன்னால் ஒரு சீப்பையும் ஒரு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சீப்பை எடுக்கச் சொன்னார். சரியாக எடுத்தார். இடம் மாற்றி வைத்தபோது டம்ளரை எடுத்தார். ஒன்றுமே புரியவில்லை இவருக்கு, முடிந்தது கதை என்று நினைத்தேன். மேடம் மட்டும் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். “வலது பக்கம் இருக்கறது அவருக்குத் தெரியல” என்று சொல்லி, இரண்டையும் மேலும் கீழுமாக வைத்தார். அதன்பின் எப்படி மாற்றி வைத்தாலும் ஒரு தடவைகூடத் தவறவில்லை. எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் சீப்பு கேட்பது வேறு, சாவைக் கேட்பது வேறு. அதை எப்படிக் காட்டுவது? மேடம் ஒரு அட்டையில், ஒற்றைக் காலோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதரை வரைந்தார். பிறகு வனஜாவிடம், “வீட்ல உங்கம்மா படத்துக்கு யார் பூ வைக்கறது?” என்றார்.

“அப்பாதான். எதுக்கு?”

“உங்கப்பா போட்டோ இருந்தா குடுங்க. தலையில இருக்கற பூவையும் குடுங்க.”

வனஜாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. “உசுரோட இருக்கற மனுசனுக்கா? வாய் கூசலயா உங்களுக்கு?” என்று கத்தினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். எனக்கே கோபம் வந்தது. இதென்ன அபசகுனம் பிடித்த வேலை!

“பாவம் எனக்கு வரட்டும். அவர்கிட்ட கேக்காம முடிவு பண்றது அதைவிடப் பாவம்மா” என்றார் மேடம். பாலகுமார் பர்ஸிலிருந்து போட்டோவை எடுத்துக் கொடுத்தான். வனஜா அழுதுகொண்டே மல்லிகைச் சரத்தைப் பிடுங்கிக் கட்டிலில் போட்டாள்.

பூச்சுற்றிய போட்டோ மேலே, ஒற்றைக் கால் படம் கீழே. காலைத் தொட்டு, வெட்டுகிற மாதிரி கையால் காட்டி, கீழ்ப்படத்தைக் காட்டினார். வெட்டாவிட்டால் இது என்று மேலே காட்டினார். சுந்தரமூர்த்தி போட்டோவையே பார்த்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கை அசையவில்லை.

மேடம் படங்களை இடம் மாற்றினார். இப்போது இடது கை எழுந்தது. நேராகப் போட்டோவுக்குப் போனது. மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார். சுந்தரமூர்த்தி எதைத் தொட்டாலும் அதை அப்படியே பத்ரிநாத்திடம் போய்ச் சொல்லவேண்டியது மேடம்தானே.

விரல்கள் போட்டோவின் மேல் தடவின. சரத்தைப் பிடித்தன. மெதுவாக உருவி எடுத்தன. பிறகு ஒற்றைக் கால் படத்தை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“இன்னொரு தடவை” என்றார் மேடம். ஈவு இரக்கமில்லாமல் பூவைத் திரும்பச் சுற்றி, படங்களை மாற்றி வைத்தார். இந்தத் தடவை சுந்தரமூர்த்தி யோசிக்கவே இல்லை. கோபமாகப் பூவைப் பிய்த்து எடுத்தார். எடுத்ததை வனஜாவிடம் நீட்டி, தன் வழுக்கைத் தலையைத் தொட்டுக் காட்டினார்.

படத்துக்கு வைத்த பூவை எந்த வீட்டிலும் தலையில் வைக்கமாட்டார்கள். வனஜா வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“டாக்டர் எங்க இருக்காரு பாருண்ணா. காலைல எடுத்துடச் சொல்லலாம்.”