நாலாவது ஒட்டு

வெல்டிங் வகுப்புக்குப் போகத் தொடங்கிய மூன்றாவது வாரமே, மகளுக்காக என் சைக்கிளின் பின்னால் ஓர் இருக்கையை ஒட்டினேன். என்னைவிட இளைய வாத்தியார் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: "அண்ணன், ஒட்டுக்கு மேல மினுங்கிறது கசடு. அதத் தட்டி உதிர்த்துப் பாருங்க. உள்ள இரும்பு புடிச்சிரிக்கா என்டு அப்பதான் தெரியும்."

தட்டிக்கொண்டுதான் இருந்தேன். மகள் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினாள். சிவப்புப் பெயின்ற் அடித்து முடித்துவிட்டேன்.

மறுநாள் காலை அவளை ஏற்றிக்கொண்டு கல்லடிப் பாலத்தில் பாதித் தூரம் போன பிறகுதான் அந்தச் சந்தேகம் வந்தது. இருக்கைக்கு நான்கு கால்கள், நான்கு ஒட்டுகள். மூன்றைத் தட்டியது நினைவிருக்கிறது. நாலாவதைத் தட்டினேனா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அவளோ, பாலத்தில் நின்று தூண்டில் போட்டவரைப் பார்த்து, "இது என்ட அப்பா செஞ்ச சீற்!" என்று கத்தினாள்.

நிறுத்தி, அவளை இறக்கினேன். டயரில் காற்றுப் போய்விட்டது என்று பொய் சொல்லி, பள்ளிக்கூடம் வரை நடத்தியே கூட்டிப்போனேன். வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

பின்னேரம் சுத்தியலை எடுத்து நாலாவதைத் தட்டினேன். பெயின்றோடு சேர்ந்து கசடு உதிர்ந்தது. அடியில் இரும்பு ஒட்டவே இல்லை. இடைவெளியால் வெளிச்சம் தெரிந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த மகள் அழத் தொடங்கினாள்.

"நல்லாத்தானே இரிந்திச்சு. ஏனப்பா உடைச்சீங்க?"