செத்த இருங்க

கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவிக்கு ஒருநாள் தலைவலி. "செத்த படும்மா, கொழம்பு வெஞ்சனத்த எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றார் என் அம்மா. சென்னையில் பிறந்து வளர்ந்தவள், முகம் வெளிறி என்னைப் பார்த்தாள். திண்டுக்கல்லில் 'செத்த' என்றால் கொஞ்ச நேரம், பிணம் மாதிரிப் படுக்கச் சொல்லவில்லை என்று நான் விளக்கிய பிறகுதான் படுத்தாள். அதுவும் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான்.

அந்தச் சொல் பிறகு எங்கள் பிழைப்பிலேயே கைவைக்கும் என்று அப்போது தெரியாது.

நான் போனில் ஆடும் விளையாட்டுகளைச் செய்கிறவன். சென்னை வேலையை விட்டுவிட்டு திண்டுக்கல் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். நிலக்கோட்டை பூ மார்க்கெட் வாசலில் பஸ் கிளம்புகிறது. மல்லிகை மூட்டையை விரலால் இழுத்து விட்டால் அது பறந்துபோய் பஸ் கூரையில் விழ வேண்டும். மூட்டையின் கனம், காற்று, பஸ்ஸின் குலுக்கல் எல்லாம் நிஜத்தில் போலவே கணக்குப்படி நடக்கும். படங்கள் என் மனைவி வரைந்தவை. பஸ்ஸுக்கு அவள் போட்ட பச்சை நிறத்தைப் பற்றி மட்டும் எங்களுக்குள் இன்றுவரை சமாதானம் ஆகவில்லை.

நான் வேலை செய்கிற விதம் கொஞ்சம் கிறுக்குத்தனமானது. மற்றவர்கள் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் ஆட்டத்தை நிறுத்தி, மறுபடி போனில் ஏற்றி, முதலிலிருந்து ஆடிப் பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவள் போனில் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு பேசுகிற ஒரு கறுப்பு ஜன்னல் என் லேப்டாப்பில் திறந்திருக்கும். அதில் ஒரு வரி தட்டி என்டர் அடித்தால் போனுக்குள் இருக்கும் உலகம் அந்த நொடியே மாறும். அவள் ஜெயிக்கப்போகிற நேரம் பார்த்து ஈர்ப்பு விசையைத் தலைகீழாக்குவேன். மூட்டை ஆகாயத்துக்குப் போகும். "ஃபிராடு!" என்ற கத்தலோடு தலையணை பறந்து வரும். தலையணைக்கு ஈர்ப்பு விசை சரியாகவே வேலை செய்யும்.

பழிக்குப் பழி வாங்க அவளும் அந்த ஜன்னலில் தட்டக் கற்றுக்கொண்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. நிரலில் நான் வைக்கிற பெயர்களெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சுதான். எழுத்து மட்டும் இங்கிலீஷ். ஆட்டத்துக்குள் காலம் துளித்துளியாக நகரும். ஒரு துளி எவ்வளவு நேரம் என்பதற்கு ஒரு பெயர் வேண்டும். எனக்கு வேறென்ன தோன்றும்? எஸ், ஈ, டி, எச், ஏ. செத்த.

கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று எங்கள் ஆட்டத்தை வெளியிடலாமா என்று பார்க்க வீடியோ காலில் வந்தது. அதே நாளில்தான் சென்னையில் கிடைத்த ஒரு வேலைக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். இவர்கள் எடுத்துக்கொண்டால் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எனக்குப் போக மனமே இல்லை. அவளிடம் கேட்கப் பயந்து கேட்கவே இல்லை. சென்னை அவள் பிறந்த ஊராயிற்றே.

திரையில் ஒரு பெண்மணி. நான் அவள் போனில் ஆட, அது அந்தப் பெண்மணிக்கும் தெரிந்தது. மனைவி லேப்டாப்பின் முன்னால் இருந்தாள்.

"ஏனுங்க, கீழ விழுகுற மூட்டை ஒடனே செத்து மறஞ்சு போகுதுங்களே? சாகாம ரோட்டுலயே கெடந்தா நல்லாருக்குமுங்க" என்றார் அந்தப் பெண்மணி.

"இப்பவே மாத்திக் காட்றேன் மேடம்" என்றாள் என் மனைவி. நான் வாயைத் திறப்பதற்குள் 'செத்த' என்பது சாவுக் கணக்கு என்று எடுத்துக்கொண்டு, அதைப் பூஜ்யமாக்கி என்டர் அடித்துவிட்டாள்.

காலத்தின் துளி பூஜ்யமானால் காலம் நகராது. பஸ் நின்றது. மூட்டை அந்தரத்தில் தொங்கியது. விரலை இழுத்துப் பார்த்தேன்; குறிபார்க்கிற கோடு மட்டும் அசைந்தது.

"நின்னு போச்சுங்களா?"

"அது அந்தச் செத்த இல்ல, உங்க அத்த சொல்ற செத்த" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தேன். தலைவலியன்று பார்த்த அதே வெளிறிய முகம். பிறகு சட்டென்று திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

"நிக்கல மேடம். இதுதான் 'செத்த இருங்க' பட்டன். பஸ் கெளம்புறப்ப மூட்டையத் தூக்கிட்டு ஓடி வாரவங்க அப்படித்தான கத்துவாங்க? அதை அமுக்குனா எல்லாம் அப்படியே நிக்கும். நிதானமா குறி பாத்துக்கலாம். மறுபடி அமுக்குனா கெளம்பிரும்."

அப்படி ஒரு பட்டன் கிடையவே கிடையாது. மார்க்கெட்டைப் பற்றி அவள் அளந்து விட்டுக்கொண்டிருக்க, நான் லேப்டாப்பை என் பக்கம் இழுத்து வேகவேகமாகத் தட்டினேன். ஆட்டம் நிற்கவே இல்லை. அந்தப் பெண்மணி பார்க்கப் பார்க்கத் திரையின் மூலையில் ஒரு மஞ்சள் பட்டன் முளைத்தது. அமுக்கினேன். பஸ் கிளம்பியது, மூட்டை கூரையில் பொத்தென்று விழுந்தது.

"எங்கூர்ல சித்த இருங்கம்போமுங்க" என்று அவர் சிரித்தார். "சித்த இருங்க, உள்ள ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தர்றனுங்க."

அவர் எழுந்து போனார். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. சென்னைக் கம்பெனி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள்தான் எடுத்தாள்.

"செத்த இருங்க" என்றாள்.

"ஐயோ, யாரு மேடம் செத்தது?" என்று அந்தப் பக்கம் பதறியது எனக்கே கேட்டது.

"யாரும் சாகல சார். அவர் அந்த வேலைக்கு வரல. நாங்க இங்கதான் இருக்கப் போறோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கோயம்புத்தூர்ப் பெண்மணியின் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருந்தது. அவர் திரும்பி வந்து "எடுத்துக்கறோமுங்க" என்றபோது நான் அழுதுகொண்டிருந்தேன். தான் சொன்ன செய்தியால்தான் என்று நினைத்து அவர் எனக்குத் தைரியம் சொன்னார். நானும் திருத்தவில்லை.