‘வானத்தில்’ என்று நான் சேர்த்த சொல்

எங்கள் மகிழுந்தின் பின்புறத்தில், இடப்பக்கக் கதவை ஒட்டி, பெயர்த்திக்கென்று தனி இருக்கை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதை வாங்கிய நாளில் உடன் வந்த குறிப்பேட்டில் பல மொழிகளுக்கிடையே தமிழும் இருக்கக் கண்டு மகிழ்ந்தேன். படித்ததும் மகிழ்ச்சி போயிற்று. ‘மோதல் பெற்ற இருக்கை பார்க்க நல்லது என்றாலும் மாற்று செய்’ என்றொரு தொடர். தமிழாசிரியனாக இருந்த பழைய வழக்கம் என்னை விடவில்லை. சிவப்பு மையால் அதை அடித்து, ‘மோதலுக்கு உள்ளான இருக்கை, பார்வைக்குக் குறையற்றதாகத் தோன்றினும், மாற்றப்படுதல் வேண்டும்’ என்று ஓரத்தில் எழுதினேன். மகளிடம் காட்டினேன்.

“மார்க் போட்டீங்களாப்பா?”

“நூற்றுக்குப் பன்னிரண்டு.”

“பாவம், பன்னெண்டாவது குடுத்தீங்களே” என்று சிரித்தாள். அந்தத் தொடரின் பொருள் அன்று என் மனத்துள் இறங்கவேயில்லை. இலக்கணம் சரியாயிற்று என்ற நிறைவோடு குறிப்பேட்டை மூடி அலமாரியில் வைத்தேன்.

கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றபின் மட்டாஞ்சேரியில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மருமகன் கப்பற்பணியில் இருப்பவர். ஆண்டின் பாதி கடலிலேயே கழியும். மகள் காக்கநாட்டில் கணினி வேலை பார்க்கிறாள். காலையில் அலுவலக வண்டியில் போனால் அந்தி சாயும் வேளையில்தான் திரும்புவாள். இடைப்பட்ட பொழுதில் மூன்று வயதுப் பெயர்த்தி என் பொறுப்பு. சுள்ளிக்கலில் உள்ள மழலையர் பள்ளிக்கு அவளைக் கொண்டுபோய் விடுவதும், நண்பகலில் அழைத்து வருவதும் என் வேலை. கண்புரை அறுவைக்குப்பின் நான் மீண்டும் வண்டி ஓட்டலாமா என்ற பேச்சு எழுந்தபோது மகள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஓட்டுங்கப்பா. ஆனா சின்ன உரசல்னாலும் அன்னைக்கே எங்கிட்ட சொல்லிடணும். அவ்வளவுதான் கண்டிஷன்.”

ஒப்புக்கொண்டேன். ‘நிபந்தனை’ என்று திருத்தவும் செய்தேன்.

ஐப்பசி மாதத்து நண்பகல் ஒன்றில் பள்ளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். சந்திலிருந்து கடைத்தெருவுக்குள் வலப்புறமாகத் திரும்ப வேண்டும். வலப்பக்கம் ஒரு சுமையுந்து பாதி வழியை அடைத்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. என் கவனம் முழுவதும் அதன்மேல் இருந்தது. இடப்பக்கம் பார்க்கவில்லை. சுக்கு மூட்டைகள் ஏற்றிய பெட்டி ஆட்டோ ஒன்று அதன் வழியே ஒழுங்காக வந்து, எங்கள் இடப்பக்கப் பின்கதவில் மோதி நின்றது. விரைவொன்றும் இல்லை. ஆயினும் ஓசை பெரிது. குழந்தையின் தலை ஒருபுறம் சாய்ந்து மீண்டது. ஒரு நொடி மூச்சடக்கியிருந்து பின் அழுதாள்.

நான் இறங்கி ஓடினேன். ஓடியவன் முதலில் பார்த்தது கதவில் விழுந்திருந்த பள்ளத்தை. கண்ணாடி வழியே குழந்தையை முதலில் பார்த்தவர் ஆட்டோ ஓட்டுநர்தான்.

“மோளுக்கு வல்லதும் பற்றியோ?” என்று, குழந்தைக்கு ஏதும் ஆயிற்றோ என மலையாளத்தில் பதறியவர், நான் அவளைக் கொஞ்சிய மொழி கேட்டுத் தமிழுக்கு மாறினார். தேனிப் பக்கத்துக்காரர். “அழுவுது சார், அழுதா நல்லதுதான். கையக் கால ஆட்டச் சொல்லுங்க.”

தவறு முழுவதும் என்னுடையது. “பொறுத்தருளுங்கள்” என்றேன்.

“என்ன சாரே, சாமிகிட்டப் பேசுற மாதிரிப் பேசுறீங்க!” அழும் குழந்தைக்காகவே உரக்கச் சிரித்தார்; அவளும் அழுகையை நிறுத்தி அவரைப் பார்த்தாள். “எம் பொழைப்புக்கு ஒண்ணும் ஆகல. மூட்டை சாயல. ஆனா வீட்ல சொல்லிப்புடுங்க. நாளைக்குப் பிள்ளை கழுத்து வலிக்குதுன்னா பெத்தவளுக்குத் தெரியணும்ல?”

தலையசைத்தேன்.

வீட்டுக்கு வந்தபின் குழந்தை வழக்கம்போல் உண்டாள், உறங்கினாள், எழுந்து விளையாடினாள். அவள் உறங்கிய வேளையில் வெளியே இடி முழங்கி மழை பெய்து ஓய்ந்தது. மகளிடம் எப்படிச் சொல்வது என்று தொடர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். சொன்னால் வண்டி போய்விடும். வண்டியோடு, இந்த வயதில் எனக்கென்று எஞ்சியிருந்த ஒரே பொறுப்பும் போய்விடும் என்று அஞ்சினேன்.

மகள் வந்து காலணியைக் கழற்றுமுன்பே குழந்தை ஓடிப்போய் அவள் கால்களைக் கட்டிக்கொண்டாள்.

“அம்மே, இடிச்சு. டும்முனு இடிச்சு. ஞான் பேடிச்சு போயி.”

மகள் வழக்கம்போல் என்னைப் பார்த்தாள். பகலெல்லாம் குழந்தையோடு இருப்பவன் நான். அவளுடைய பாதித் தமிழும் பாதி மலையாளமும் கலந்த மழலைக்கு அந்த வீட்டில் உரையாசிரியன் நானே. “என்னப்பா சொல்றா?”

இடித்தது வண்டியாகவும் இருக்கலாம், வானமாகவும் இருக்கலாம். அந்த ஒரு சொல் எனக்குத் தப்பும் வழியைத் திறந்து வைத்திருந்தது. நான் குழந்தையின் பக்கம் குனிந்தேன்.

“பேடிச்சு அல்ல, கண்ணே. பயந்தேன். ‘வானத்தில் இடி இடித்தது, நான் பயந்தேன்.’ எங்கே, சொல்.”

குழந்தை என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் சொன்னதில் வானம் இல்லை. அது நான் சேர்த்தது. ஆனால் நான் திருத்தினால் திருப்பிச் சொல்வது எங்களுக்குள் பழகிப்போன விளையாட்டு. “வானத்தில்... இடி இடித்தது” என்றாள்.

“ஐயோ, இடிக்குப் பயந்துட்டியா தங்கம்?” என்று மகள் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் கதவின் பள்ளத்தைக் கண்டு மகள் கேட்டபோது, நிறுத்தியிருந்த இடத்தில் எவரோ உரசிவிட்டதாகச் சொன்னேன். இரண்டாவது பொய்க்கு அத்தனை முயற்சி தேவைப்படவில்லை. “மட்டாஞ்சேரில வண்டிய நிறுத்தினா இதுதான்” என்று ஊரின்மேல் பழியைப் போட்டுவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

சனிக்கிழமைதோறும் மகள் குழந்தையோடு களமசேரியில் இருக்கும் மாமியார் வீட்டுக்கு நெடுஞ்சாலை வழியே போய்வருவாள். அந்தச் சனிக்கிழமையும் போனாள். குழந்தை அதே இருக்கையில் அமர்ந்து கையசைத்தாள், நானும் அசைத்தேன். வண்டி மறைந்தபின், எதையோ தேடுவதுபோல அலமாரியைத் திறந்து அந்தக் குறிப்பேட்டை எடுத்தேன். என் சிவப்பெழுத்து அழகாகத்தான் இருந்தது. ‘பார்வைக்குக் குறையற்றதாகத் தோன்றினும், மாற்றப்படுதல் வேண்டும்.’ அவர்கள் திரும்பும்வரை வாயிற்படியை விட்டு நான் நகரவில்லை.

ஞாயிறன்று இருக்கையை ஆராய்ந்தேன். பட்டைகளை இழுத்தேன், கைப்பேசியின் ஒளியில் பின்பக்கத்து நெகிழி ஓட்டின் மேல் தடவினேன், விரலால் தட்டிக் கேட்டேன். விரிசல் ஏதும் தென்படவில்லை. உள்ளே என்ன ஆயிற்றென்று எனக்கு எப்படித் தெரியும்? திங்களன்று கடைக்கே போனேன். ஒருவரும் அறியாமல் புதியதை மாற்றி வைத்துவிடலாம் என்பது திட்டம். அதே வகை இருந்தது. அதே நீலம் இல்லை. நிறம் வேறாக இருந்தால் மகள் கண்டுகொள்வாளே என்று வெறுங்கையோடு திரும்பினேன். குழந்தையின் கழுத்தைக் காக்கும் பொருளை, நிறத்துக்காக, வாங்காமல் வந்தேன். திருத்தவே இயலாத வரி இது.

அதற்குப்பின்னும் நான்கு நாள் அவளை அதே இருக்கையில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோனேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் மீண்டும் இடி. வீடு அதிர்ந்தது. குழந்தை பலகணியருகில் நின்றிருந்தாள். இடி கேட்ட எந்தக் குழந்தையும் மேலே பார்க்கும். இவள் கீழே, வாயிலில் நனைந்து நின்ற வண்டியைப் பார்த்தாள்.

“தாத்தா, வண்டிக்கு நொந்தோ?”

‘வலித்ததா’ என்று திருத்த எனக்குத் தோன்றவில்லை. நான் திருத்தாததைக் கண்டு, என்னை மகிழ்விக்க எண்ணினாள் போலும். “வானத்தில் இடி இடித்தது. நான் பயந்தேன்” என்று ஓரெழுத்தும் பிழையாமல் சொல்லிவிட்டுப் பாராட்டுக்காகக் காத்து நின்றாள். நடந்தது எது, நான் கற்பித்தது எது என்று அவளுக்கே குழம்பிப்போயிருந்தது. நான் பிழையற்ற தமிழில் ஒரு பொய்யைக் குழந்தைக்கு மனப்பாடம் செய்வித்திருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. மகள் குழந்தையை அமர்த்திப் பட்டையைப் பூட்டிக்கொண்டிருந்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

“அவளை இறக்கிவிடு, அம்மா.”

“ஏன்? நேரமாச்சுப்பா.”

“இந்தக் கதவை எவரும் உரசவில்லை. நான் மோதினேன். அவள் உள்ளே இருந்தாள்.”

பதினொரு நாள் அடுக்கி வைத்திருந்த தொடர்களில் ஒன்றும் அப்போது வரவில்லை. எந்த நாள், எந்த இடம், யார்மேல் தவறு என்பதை மட்டும் சொன்னேன். மகள் கேட்டுக்கொண்டே பட்டையை அவிழ்த்தாள். குழந்தையின் கழுத்தைத் தடவினாள், தோளைத் தடவினாள்.

“அம்மே, பாட்டி வீட்டுக்குப் போண்டே?”

“போலாம் மோளே. இன்னைக்கு இல்ல.” பிறகு என்னை நோக்கினாள். குரல் உயரவில்லை. “அன்னைக்கு இடிச்சுன்னு ஓடி வந்து சொன்னாளே. அது இதுதானா?”

“ஆம்.”

“அவ சரியாத்தான் சொல்லியிருக்கா. நாந்தான் அவளை விட்டுட்டு உங்க தமிழை நம்பினேன்.”

குழந்தையை இறக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அன்றே மருத்துவரிடம் காட்டினோம். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்றார். அங்கிருந்து கடைக்கு. கடைக்கார அம்மையார் என்னைப் பார்த்ததும், “சார் திங்களாழ்ச்ச வந்ததல்லே? நீலம் வேணும்னு சொன்னீங்களே” என்றார். மகள் என் பக்கம் திரும்பவில்லை. “எந்த நிறமானாலும் சரி சேச்சி, இப்பவே வேணும்” என்றாள். சாம்பல் நிறத்தில் ஒன்று வாங்கினோம்.

“பழசை யாருக்கும் சும்மா கொடுத்துடாதீங்க” என்றார் அம்மையார். “பெல்ட்டெல்லாம் வெட்டிட்டு, மேல எழுதி வெச்சு ஆக்ரிக்குப் போடுங்க. இல்லைன்னா வேற ஏதாவது வீட்டுக் குஞ்ஞு அதில உக்காரும்.” பழம்பொருள் எடுப்பவரை இவ்வூரில் ஆக்ரிக்காரர் என்பர்.

முற்றத்தில் அமர்ந்து பட்டைகளை நானே வெட்டினேன். கத்தரிக்கோலுக்கு எளிதில் இணங்காத தடித்த பட்டைகள். பின் கறுப்பு மையால் ஓட்டின்மேல், ‘மோதலுக்கு உள்ளானது; பயன்படுத்தற்க’ என்று எழுதினேன்.

மகள் வந்து பார்த்தாள். “இதை இங்க யாருப்பா படிப்பா?”

ஆறு ஆண்டுகளில் நான் மலையாள எழுத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. தேவையில்லை என்றிருந்தேன், உண்மையில் என் தமிழில் கலப்பு நேர்ந்துவிடுமோ என்ற அச்சம். அவள் ஒரு தாளில் இரண்டு சொற்களை எழுதித் தந்தாள். ஒவ்வொரு வளைவாகப் பார்த்துப் பார்த்து, எழுதக் கற்பவனைப்போல, ஓட்டின்மேல் வரைந்தேன். முதற்சொல் என்னவென்று கேட்டேன்.

“இடிச்சது” என்றாள்.

வண்டி ஓட்ட வேண்டாம் என்று அவள் இன்றளவும் சொல்லவில்லை. சாவியை நானே அவளிடம் கொடுத்துவிட்டேன். இப்போது பள்ளி வண்டி வருகிறது. நான் வாயில்வரை போய் ஏற்றிவிடுகிறேன். என்னோடு மகள் பேசுவதில் குறை ஒன்றும் இல்லை. உணவு, மருந்து, கண் சொட்டு எல்லாம் முன்போலவே கேட்டுக் கவனிக்கிறாள்.

ஆனால் அந்தியில் வீடு திரும்பியதும் குழந்தை ஏதேனும் சொன்னால், மகள் தரையில் முழங்காலிட்டு அமர்ந்து, “எந்தா மோளே? ஒண்ணுகூடி சொல்லு” என்று, மறுபடி சொல்லச் சொல்லி அவளிடமே கேட்கிறாள். எத்தனை முறை சொன்னாலும் பொறுமையாகக் கேட்கிறாள். சில வேளை குழந்தைக்கு ஒரு சொல் அகப்படாமல் என்னைத் திரும்பிப் பார்க்கும். எனக்கு அந்தச் சொல் தெரியும். மகளும் திரும்பிப் பார்க்கட்டும் என்று காத்திருக்கிறேன். அவள் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.