பாரம் தொங்கும்போது சலாம் இல்லை

மலையகத்தில் லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலை ஃபெக்டரியில் பாரம் தூக்கும் கூட்டத்துக்கு நான்தான் தலைவன். கூட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கயிறு பிடிக்க நாலு பேர், அடியில் நின்று பொருத்த என் மனைவியின் அண்ணன், குரல் கொடுக்க நான். எழுபதுகளின் கடைசியில் எங்களிடம் கிரேனும் இல்லை, செயின் பிளாக்கும் இல்லை. உத்தரத்தில் ஒரு கப்பி, அதில் ஒரு வடக்கயிறு, கயிற்றின் நுனியில் நாலு பேரின் கை. பிரேக்கும் அந்தக் கைதான்.

பாரத்தைக் கண்டு எங்களுக்குப் பயமில்லை. தோட்டத்து மேனேஜரான துரை எதிரே வந்தால்தான் பயம். தலைத்துண்டை எடுத்துச் சலாம் போட வேண்டும். பிள்ளைக்கு நடக்கப் பழக்கும்போதே அதையும் பழக்கிவிடுவார்கள். பழைய துரை காலத்தில் ஒருநாள், கொழுந்து உருட்டும் ரோலரின் மேல்தொட்டியைப் பழுதுபார்த்து மறுபடி இறக்கிக்கொண்டிருந்தோம். துரை உள்ளே நுழைந்தார். கயிறு பிடித்தவர்களில் இரண்டு பேரின் கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. தொட்டி ஒரு சாண்தான் சறுக்கியது. மச்சானின் இடது காலில் இரண்டு விரல் போயிற்று. கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிட்டார்கள். கவனம் எங்கே போனது, ஏன் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அதன்பிறகு நான் ஒரு சட்டம் போட்டேன். "பாரம் தொங்குறப்ப யாருக்கும் சலாம் கெடையாது. தொரை இல்ல, தொரையோட அப்பாவே வந்தாலும் கைய எடுக்கக் கூடாது." எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவது சுலபம்.

புதுத் துரை வந்த மாதத்திலேயே சோதனை வந்தது. அதே ரோலர், அதே தொட்டி. மச்சான் அடியில் கையை விட்டு, போல்ட் துளை நேராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் முன்னால் ஓடிவந்து எங்களுக்குக் கண்ணைக் காட்டினார். துரை நேரே வந்து நின்றார். யாரும் சலாம் போடவில்லை. வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.  ஆனாலும் ஒருவரும் கயிற்றை விடவில்லை.

"மெதுவா... இன்னுங் கொஞ்சம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். 

தொட்டி உட்கார்ந்தது. மச்சான் கையை வெளியே எடுத்தார். அதற்குப் பிறகுதான் துண்டை எடுத்து, "சலாங்க தொரை" என்றேன்.

"நான் வந்தது காணல்லயா?" என்றார் துரை, தெரிந்த தமிழில்.

"பாத்தோம்ங்க. போன தடவ போட்ட சலாத்துக்கு ரெண்டு வெரலக் குடுத்துட்டோம்ங்க" என்று மச்சானின் காலைக் காட்டினேன்.

துரை அந்தக் காலைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். "மூட்டையக் கட்டிக்க" என்றார் டீமேக்கர். வீட்டில் மனைவி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசியபோதும், "ஒங்க வாய்க்கு ஒரு பூட்டுப் போடக் கூடாதா?" என்று திட்டத்தான் பேசினாள். ஆபீசிலிருந்து ஆள் வருமென்று காத்திருந்தேன். ஆள் வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் தொட்டியை இறக்கினோம். துரை வாசலுக்கு வந்தார், கயிற்றைப் பார்த்தார், அங்கேயே நின்றுவிட்டார். கூரைத் தண்ணீர் அவர் தோளில் சொட்டியது. டீமேக்கர் சலாம் போடக் கையைத் தூக்க, துரை வேண்டாமென்று தலையசைத்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எத்தனை தோட்டத்தில் ஒரு துரை, தொழிலாளியின் கை ஒழியும்வரை வாசலில் நின்றிருப்பார்? எங்கள் தோட்டத்தில் நின்றார். அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம்தான்.

தொட்டி உட்கார்ந்ததும் மச்சான் அடியிலிருந்து வெளியே வந்தார். கைக் கிரீஸைச் சாக்கில் துடைத்தார். தலைத்துண்டை அவிழ்த்து, ஆற அமர ஒரு சலாம் போட்டார். அதன்பிறகே துரை உள்ளே வந்தார்.